கழலாத நட்டும் அம்மன் கற்பூரமும்

மகளுக்கு வேப்பஞ்சேலை கட்டும் வேண்டுதலுக்காக எங்கள் பழைய காரில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆரணி தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். துருவேறிய ஒரு நட்டு மட்டும் கழலவில்லை. ஸ்பானர் வழுக்கி வழுக்கி அதன் முனைகளும் மழுங்கிவிட்டன. துரு இளகட்டுமென்று என் கணவர் அதன்மேல் பெட்ரோல் ஊற்றினார். அப்படியும் அசையவில்லை.

“அந்தக் கற்பூரத்தைக் குடுமே. சூடு பட்டா லூசாயிடும்.”

“அது அம்மனுக்கு வாங்கனதாச்சே!”

“நாம இன்னா, வேற எங்கியாச்சும் போய்க்கினு கீறோமா? அவகிட்டதானே!”

கொடுத்துவிட்டேன். கொளுத்தி நட்டருகே கொண்டுபோனார். குப்பென்று டயரெல்லாம் தீ. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே, பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து அவளை வாரிக்கொண்டு ஓடினேன். அவர் சாலையோர மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தார்.

பிறகு, அளவில் சற்றுச் சிறிய பாக்ஸ் ஸ்பானரை நட்டின்மேல் சுத்தியலால் அடித்து இறுக்கித் திருப்பினார். கழன்றது. அந்த ஸ்பானர் முதலிலிருந்தே டிக்கியில்தான் இருந்தது.

இப்போதெல்லாம் வண்டியில் எது மாட்டிக்கொண்டாலும், முதலில் மகளை இறக்கித் தூரத்தில் உட்காரவைக்கிறேன். கற்பூரத்தைக் கோயில் வாசலில்தான் வாங்குகிறேன். வழியில் அவர் கேட்டால் என்னிடம் இருக்கக் கூடாது.