அப்பா நேராக்கிய பேஸ்போல் அட்டைகள்

சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. மற்றவர்களுக்கு மழை மணத்திலும் மல்லிகை மணத்திலும் சிறு வயது திரும்பி வருகிறதாம். எனக்கு லமினேட் மெஷினிலிருந்து வருகிறது. என் சிறு வயதின் தரத்தை இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

டவுன்டவுனில் அப்பா துப்பரவு வேலை செய்த அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்துவிட்ட மெஷின் அது. மெட்ரோவில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மன்னாரிலிருந்து படகில் இடம்பெயர்ந்தபோது தண்ணீர் ஏறி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பத்திரம் எல்லாம் கூழாகிப்போனதைக் கண்ணால் பார்த்த மனிதர். அதன் பிறகு நனையக்கூடிய எதையும் அவர் நம்பவில்லை. என் தடுப்பூசி அட்டை, ஃபிரிட்ஜின் உத்தரவாதச் சீட்டு, அந்தோனியார் படம், ஊரில் செத்துப்போன பெரியப்பாவின் நினைவு அட்டை எல்லாம் எங்கள் வீட்டில் பளபளவென்று விறைத்துக் கிடந்தன. உள்ளங்கை அளவில் ஒரு படம் இருந்தால் அது ஒன்றில் புனிதர், இல்லாவிட்டால் செத்தவர்; இரண்டு பேரையும் பிளாஸ்டிக்குக்குள் அடக்கம் செய்வதுதான் மரியாதை என்பது அவருடைய கட்சி.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, கோயில் பேஸ்மண்டில் நடந்த பழஞ்சாமான் விற்பனையில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய பேஸ்போல் அட்டைகள் எனக்குக் கிடைத்தன. எழுபதுகளில் அச்சிட்டவை, அட்டைக்கொரு விளையாட்டுக்காரரின் படம். பேஸ்போலின் விதிகள் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பந்து என் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன், அது பிசகாமல் மூக்கில் வந்து இறங்கும். ஆனால் படம் பார்க்க எனக்குத் தெரியும்.

என்ன படங்கள் அவை! இப்போது வரும் அட்டைகளில் எல்லாரும் பாய்கிறார்கள், பறக்கிறார்கள், பின்னால் மின்னல் வேறு வெட்டுகிறது. ஒருவனுக்கும் முகம் கிடையாது, பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வரும். அந்தப் பழைய அட்டைகளில் மனிதர்கள் சும்மா நின்றார்கள். ஆளில்லாத மைதானம், கம்பிவேலி, தூரத்தில் ஒரு பனை போன்ற மரம், வராத பந்தை அடிக்கப் போவதாக மட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் ஒருவர், புல்லில் படம் எடுத்தவரின் நிழல். படத்தைச் சுற்றி வெள்ளைக்கரை. கீழே ஊதாவும் பச்சையுமாகத் தடித்த பட்டை, அதில் பெயர். பின்புறம் பிரெஞ்சும் இங்கிலிசும் நெருக்கியடித்த சாம்பல் நிற மட்டை, விரலால் தடவினால் சொரசொரவென்றிருக்கும். வந்த புதிதில், பனிக்குள், யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நின்று அப்பா ஊருக்கு அனுப்பிய படத்திலும் இதே நிலைதான், இதே கண் சுருக்கல்தான்.

பெட்டிக்குள் எனக்கு உயிரான அட்டை ஒன்றிருந்தது. அதிலிருந்தவர் அணி மாறியவர். புதிய தொப்பியோடு படம் எடுக்க நேரமில்லாததால், யாரோ ஒரு ஓவியர் பழைய தொப்பியின் மேலேயே புதிய நிறத்தைத் தீட்டிவிட்டார். முகத்தில் அந்திவெயில் விழுகிறது, தொப்பியில் மட்டும் வெயிலே இல்லை. அப்பாவுக்குக் காட்டினேன். ஒரு பார்வைதான். "பிள்ளை, இவர் 'தலைமாத்தி' வந்த ஆள்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவன் பாஸ்போட்டில் தன் படத்தை ஒட்டிக்கொண்டு கடல் கடந்தவர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். "எயார்போட்டில பிடிச்சிருப்பாங்கள். தொப்பி ஒட்டேல்லை பார்." அதன் பிறகு அந்த மனிதர் எங்களுக்குச் சொந்தக்காரர்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் நகரத்து பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனது. விதி தெரியாத விளையாட்டுக்காக நான் தொலைக்காட்சிக்கு முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அப்பா என் சப்பாத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒன்றை அப்படிப் பார்த்தால் ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தபோதே மணம் அடித்தது. மேசை நிறைய என் அட்டைகள், விறைத்து, மின்னிக்கொண்டு. சூட்டில் ஒட்டியதோடு விட்டாரா? பழைய அச்சில் வெள்ளைக்கரை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும். அதன் அழகே அதுதான். பாஸ்போட் படத்துக்கு நாலு கரையும் ஒரே அளவாக இல்லாவிட்டால் கந்தோரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே வாழ்ந்த மனிதர், அத்தனையையும் கத்தரிக்கோலால் நேராக்கியிருந்தார். பட்டையையும் கரையென்றே எண்ணி வெட்டியதில் கீழ்ப் பட்டைகள் போய்விட்டன. பெயர்கள் போய்விட்டன. என் தலைமாத்தியின் இடது கண்ணில் ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்திருந்தது.

"இனிப் பயப்பிடாதை, ஒருத்தரும் கொண்டுபோகேலாது" என்று சொல்லி, நிரூபிப்பதற்காக என் தலைமாத்தியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் தலைகீழாக முக்கி எடுத்து, என் சட்டையிலேயே துடைத்துக் காட்டினார். "பாத்தியா? ஒண்டும் ஆகேல்லை!"

கத்தவேண்டும் போலிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தால் எப்படிக் கத்துவது? "தாங்ஸ் அப்பா" என்றேன். அந்தத் 'தாங்ஸ்' இருபது வருஷமாக என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. அவர் ஏன் செய்தார் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று சொல்பவர்கள் மேல்தான் இப்போது கூடுதலாகக் கோபம் வருகிறது.

போன மாதம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில், மெட்ரோவில் பத்துப் பேருக்கு இரண்டு பேர் அந்த அணியின் தொப்பியைப் போட்டிருக்கிறார்கள், அணிதான் இல்லை. அம்மாவின் செபப்புத்தகத்தைச் சும்மா புரட்டினால், நடுவில் ஒரு காகிதக் கீற்று. ஊதாவும் பச்சையும். என் தலைமாத்தியின் பெயர், முழுதாக. பிளாஸ்டிக் படாதது. விரலை வைத்தேன், அதே சொரசொரப்பு.

"அம்மா, இது என்ர!"

"வை அங்கை. அது நவநாள் செபத்துக்கு நான் வச்ச அடையாளம். உன்ர அப்பா வெட்டி எறிஞ்சதை நான்தான் எடுத்து வச்சனான்."

நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏன் ரெண்டு பேரும் இழுபடுறியள்? கிழியப்போகுது. கொண்டுவாங்கோ, ஒரு நிமிஷத்தில லமினேட் பண்ணித் தாறன். மெஷின் இன்னும் வேலை செய்யுது."

"வேண்டாம்!" என்று கத்தினேன். பதினொரு வயதில் கத்தியிருக்க வேண்டிய கத்தல். மேல்வீட்டு நாய் குரைத்தது. அப்பா வாசலில் வந்து நின்று, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்து, "சரி பிள்ளை, சரி. நனைஞ்சால் பேந்து என்னட்டை வராதை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அணி போய்விட்டது, கரைகள் போய்விட்டன, அந்தச் சப்பாத்துப் பெட்டியும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கீற்று. அதையும் அம்மாவிடமே விட்டுவிட்டு வந்தேன், அங்கே அதற்கு ஆபத்தில்லை. ஏனென்றால் மெஷினின் வயர் இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது.