மரியசெல்வி கூட்டிய கரட்டுப் பாதை

மரியசெல்விக்கு ஐம்பத்து மூன்று வயது. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் ரிங் பிரேம் என்ற நூற்பு மிஷின் பார்த்தவர். நான் மில் வாசலில் நின்று சங்க நோட்டீஸ் கொடுத்த காலத்தில் ஒரு நாளும் நின்று வாங்கியதில்லை. ஷிப்ட் முடிந்தால் நேரே நாகல்நகர் வீடு. அங்கே படுக்கையில் அம்மா. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் இல்லாமலே போனது. போன வருடம் மில்லை மூடினார்கள். இரண்டு மாதம் கழித்து அம்மாவும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒரு வீடு.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் குருசுக்கரடு என்று ஒரு பாறைக்குன்று. உச்சியில் சிலுவை. தவக்காலத்தில் நாலாவது வெள்ளிக்கிழமை சனங்கள் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலமும் நின்று செபித்து மேலே ஏறுவார்கள். அந்த ஒற்றையடிப் பாதையை முள் மூடிவிட்டது. பிரின்ஸ் என்ற பள்ளி வாத்தியார் பூசை முடிந்ததும் எழுந்து, ஞாயிறுதோறும் வாருங்கள், வெட்டிச் சரிசெய்வோம் என்றார். பதினோரு பேர் போனார்கள். ஒரு வாட்ஸப் குழுவும் ஆரம்பித்தார்கள். பதினொன்றில் ஒருவர் மரியசெல்வி.

அவர் எதற்குப் போனார் என்பதில் ரகசியம் இல்லை. பதினோரு பேர் நடுவில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். பாதை சரியானால் அந்த வெள்ளிக்கிழமை ஊரே அதில் நடக்கும். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நடக்கலாம். கேட்டது அவ்வளவுதான்.

முள் வெட்டி முடிவதற்குள் ஆறு பேர் குறைந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு அவர் மட்டும்தான். ஞாயிறு போதாமல் தினமும் போனார். காலை டவுன்பஸ், கையில் ஒரு ஈர்க்குவிளக்குமாறு.

தப்பு அந்த விளக்குமாற்றில்தான் இருந்தது. மில்லில் தரையில் பஞ்சுத்தூசி கிடந்தால் நூல் கெடும், தீயும் பிடிக்கும். தன் மிஷினைச் சுற்றிக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த ஷிப்ட்காரியிடம் விட வேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? கரட்டையும் அப்படியே கூட்டினார். சருகை வாரிப் பள்ளத்தில் கொட்டினார். ஓரத்துப் புல்லை வேரோடு பிடுங்கினார். ஒன்றாம் ஸ்தலத்திலிருந்து சிலுவை வரை பாதை செம்மண் நாடாவாகப் பளிச்சென்று கிடந்தது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். கைதட்டும் படங்கள் வந்தன. எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். ஆள் வரவில்லை.

டிசம்பரில் விடாமல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஆறாம் ஸ்தலத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பாதையே இல்லை. முழங்கால் ஆழத்துக்கு ஓடை. அதன் கரையில் வெள்ளாடு மேய்க்கும் காளியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

“ஏத்தா, நீதான் இதைக் கூட்டுன மகராசியா?”

“ஆமாக்கா.”

“கோலத்தையும் போட்டுற வேண்டியதுதான? சருகும் புல்லும் கெடந்தா தண்ணி மெதுவா எறங்கும். நீ மொட்டை அடிச்சு விட்டுட்ட. அதுக்கு ரோடு கெடைச்சிருச்சு, ஓடிருச்சு.”

“தெரியாமச் செஞ்சுட்டேன்க்கா. இப்ப என்ன பண்றது?”

“என்னையக் கேட்டா? என் ஆட்டுக்கு எல்லாம் வழிதான்.” பத்தடி போய்த் திரும்பினார். “கல்லைக் குறுக்க பதி. நேராப் பதிக்காத, சாய்ச்சுப் பதி. தண்ணிய ஓரமாத் தள்ளிவிடணும். வாருன சருகையெல்லாம் திரும்பக் கொண்டாந்து கொட்டு.”

அன்றைக்கே பிரின்ஸ் போன் செய்தார்.

“அக்கா, கோயில் பங்குப்பேரவையில பேசிட்டாங்க. அந்தப் பக்கம் செல்போன் டவருக்கு சிமெண்ட் ரோடு போட்டிருக்காங்கல்ல, இந்த வருசம் அதுல போயிரலாம்கிறாங்க.”

“பாதையச் சரி பண்ணிட்டா?”

“நாலாவது வெள்ளிக்குள்ள சரியாயிட்டா பாக்கலாம். ஆனா யாருக்கா வருவா?”

“நான் இருக்கேன்ல.”

“அது தெரியும்க்கா,” என்றார் பிரின்ஸ். அந்தப் பதிலை மரியசெல்வி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

குழுவில் எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மழை மேல் பழியைப் போட்டு இவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினார்: “மழை இல்லைங்க, என்னாலதான் போச்சு. புல்லெல்லாம் நாந்தான் புடுங்கினேன். சரி பண்ணிருவோம், ரெண்டு மூணு பேரு வாங்க.” எல்லோரும் கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. சங்கத்தில் நாற்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன், தன் தப்பை மைக்கில் சொன்ன தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜனவரி, பிப்ரவரி முழுக்கத் தனியாக வேலை செய்தார். கடப்பாரையால் கல்லைப் புரட்டிச் சாய்வாகப் பதித்தார். கொட்டிய சருகைச் சாக்கில் அள்ளி மேலே சுமந்தார். சுக்குநாறிப்புல்லைத் தூரோடு பெயர்த்து ஓரத்தில் நட்டார். மில்லில் ஈரம் போகக் கூடாது என்று சன்னலைத் திறக்கவே மாட்டார்கள். அதற்குள்ளேயே இருந்தவருக்கு இங்கே எல்லாமே புதிது. விராலி இலையைக் கசக்கினால் கையில் ஒட்டும் என்று தெரிந்துகொண்டார். எட்டாம் ஸ்தலத்துப் புதரில் கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு திரிந்தது. இவர் கடப்பாரையைக் கீழே வைத்தால் வெளியே வரும், எடுத்தால் உள்ளே போகும். அதற்காகவே அடிக்கடி கீழே வைத்தார். இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டுமே. வீட்டுக்குப் போனால் சுவர்தான்.

மார்ச் ஆரம்பத்தில் என்னிடம் வந்தார்.

“அண்ணே, நீங்க கூட்டம் கூட்டுற ஆளுதான? ஒரு இருபது பேரைக் கூட்டிக் குடுங்க. வந்து பாதையப் பாத்தாங்கன்னா போதும்.”

“இருபது என்ன, அம்பது கூட்டுறேன்,” என்றேன். வெறும் வாய்ச்சவடால். ஆறு பேருக்குப் போன் போட்டேன். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மருமகள், ஒருவருக்குக் கிரிக்கெட். பேரவையிலிருந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. வியாழக்கிழமை குழுவில் செய்தி வந்தது: நாளை நாலு மணி, டவர் ரோடு, முதியோருக்கு ஜீப் வசதி உண்டு.

வெள்ளிக்கிழமை நான் கரட்டடிக்குப் போனேன். என் முட்டி ஏறாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மரியசெல்வி வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தார்.

“டவர் ரோட்டுல போகலயா?” என்றேன்.

“இதுல போறேண்ணே.”

தனியாக ஏறினார். கரட்டின் அந்தப் பக்கம் ஜீப் மைக்கில் பாட்டு கேட்டது. ஒவ்வொரு ஸ்தலத்திலும் இவர் முழங்காலிட்டது கீழேயிருந்து தெரிந்தது.

செபம் முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஜீப் முதியோரை ஏற்றிக்கொண்டு போனது. டவர் ரோட்டில் நடந்தால் பஸ் நிறுத்தம் தூரம். இந்தப் பாதை குறுக்கு. அது பெண்களுக்குத் தெரியாதா? ஒரு கூட்டம் இந்தப் பக்கமாக இறங்கி வந்தது. மரியசெல்வி அவர்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பெண்ணின் குரல் கீழே வரை கேட்டது.

“கல்லைக் குறுக்க போட்டவன் கையில கட்டை மொளைக்க! வெரலு பேந்துருச்சு.”

“நாந்தான் போட்டேன்,” என்றார் மரியசெல்வி. “தண்ணி அறுக்காம இருக்க. பாத்துத் தாண்டி வாங்க.”

“நீங்களா? அது சரி. ஏய், பஸ்ஸு வந்துரும், நடங்கடி!”

பேருந்து வந்தது. அத்தனை பேரும் ஏறிப் போனார்கள். மரியசெல்வியைக் காணோம். அடுத்த பேருந்தும் போனது. அப்புறம்தான் இறங்கி வந்தார், சேலை முழுக்கச் செம்மண்.

“ஒரு கல்லு ஆடிருச்சுண்ணே, பதிச்சுட்டு வாரேன். எத்தனை பேரு எறங்குனாங்க, பாத்தீங்களா?”

“பதினேழு,” என்றேன்.

“பதினெட்டு. ஒருத்தி இடுப்புல கைப்பிள்ளை இருந்துச்சு.”

அடுத்த பேருந்து வந்தது. உட்கார இடமில்லை. திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தோம்.