திருமண் ருசி

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் அகத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். வந்தவர்கள் எல்லாரும், "உங்காத்து மாட்டுப்பொண் என்னமா வெளுத்துட்டா!" என்று மெச்சினார்கள். மாமியாருக்கு அதில் ஒரே பெருமை.

எனக்கோ வேறு கவலை. அகத்துக்காரர் நெற்றியில் இட்டுக்கொள்ளும் திருமண் கட்டியைக் கண்டாலே நாக்கில் நீர் ஊறும். தினமும் ஒரு துண்டு உடைத்து, யாருக்கும் தெரியாமல் தின்றுவந்தேன். அபசாரம் என்று தெரிந்தும் விட முடியவில்லை.

ஒரு நாள் காலை கிணற்றடியில் குடத்தைத் தூக்கினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது. கண் இருட்டி விழுந்துவிட்டேன்.

வண்டி வைத்து அழைத்துவந்த டாக்டரம்மா என் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "மண்ணு கிண்ணு தின்றியாம்மா?" என்று கேட்டார். அழுதுகொண்டே திருமண் பெட்டியைக் காட்டினேன்.

"ரத்தம் கொறஞ்சாத்தான் இந்த ஆசை வரும். இது நிறமில்லம்மா, ரத்தம் இல்லாத வெளுப்பு. இப்படியே பிரசவம் ஆனா, கொஞ்சம் ரத்தம் போனாலும் நெஞ்சு தாங்காது" என்றார். மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அயச் சத்து மருந்தும் கீரையுமாக, பிரசவம் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண் பிறந்தாள், இருவரும் பிழைத்தோம்.

இப்போது யாராவது ஒரு கர்ப்பிணியின் நிறத்தை மெச்சினால், அவளை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து கீழ் இமையை இறக்கிப் பார்க்கிறேன். உள்ளே சிவப்பு தெரிந்தால்தான் விடுவேன். மாமியார்கள் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.