மல்லிகாவின் ஞாயிற்றுக்கிழமை

அடையாறில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் மாதக் கடைசி ஞாயிறு மாலை பிள்ளைகளுக்கு விழா நடக்கும். பாட்டு, படம் வரைதல், கடைசியில் சுண்டல். இந்த வருடம் பூங்காவுக்கான மாநகராட்சி ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். காவலாளி போய்விட்டார். விழாவையும் நிறுத்திவிடலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தபோது, மற்ற பூங்காக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்து வருகிறேன் என்று முந்திரிக்கொட்டையாகச் சொன்னது நான்தான். புதன் இரவு ஏழு மணிக்குக் கூட்டம். பெருங்குடி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அன்று காலை கிளம்பினேன்.

5.50க்கு பஸ். மயிலாப்பூருக்கு ஐந்து கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இலவசம். 6.20க்குப் பூங்காவில் இருந்தேன். பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பூங்காவின் சங்கச் செயலாளர் ரிட்டயரான பேங்க் அதிகாரி. நடந்துகொண்டேதான் பேசுவேன் என்றார். எனக்கும் அதுதான் வசதி.

“பணம் கொறைஞ்சா என்ன, நாங்களே பாத்துண்டுடறோம். வர ஞாயித்துக்கிழமை சாயங்காலம்கூட கச்சேரி இருக்கு.”

“நாற்காலி போடறது, பெருக்கறதெல்லாம் சார்?”

“அதெல்லாம் நம்ம மல்லிகா பாத்துப்பா.” பச்சைக் கோட்டைக் கை காட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பொங்கலும் காபியும் 95 ரூபாய். பாதிப் பொங்கலிலேயே எழுந்துவிட்டேன். மயிலாப்பூரிலேயே இன்னும் இரண்டு பூங்காக்களுக்குப் போனேன், இரண்டிலும் பூட்டு. 9.50க்கு தி.நகருக்கு ஆட்டோ, நாலரை கிலோமீட்டர், 120 ரூபாய். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றே பதினொரு நிமிடம் போனது.

“இன்னா மேடம், மணிய பாத்துக்கினே வர்றீங்க. ட்ரெயினா?” என்றார் டிரைவர்.

“இல்லீங்க, பார்க்கு.”

“பார்க்குக்கா இம்மா அவசரம்?”

மறுபடியும் மணியைப் பார்த்தேன்.

தி.நகர் பூங்காவைக் கவனித்துக்கொள்பவர் ஜவுளிக்கடைக்காரர், தென்காசிப் பக்கம். “ஞாயித்துக்கெழம சாயந்தரம் கோலப்போட்டி வச்சிருக்கோம்மா. பந்தல் நம்ம கடைச் செலவு. தண்ணி தெளிக்க, கூட்டித் தள்ள ஒரு ஆள் வருது. அது போதும்” என்றார். அந்த ஆள் வேப்பமரத்தடியில் சருகு அள்ளிக்கொண்டிருந்தார். அதே பச்சைக் கோட்டு.

கிட்டே போனேன். “காலைல உங்கள மயிலாப்பூர்ல பாத்தேனே?”

“ஆமாம்மா. அங்க ஒம்போது வரிக்கும், இங்க ஒரு மணி வரிக்கும். அப்பால அடையாறு. உங்க பார்க்குதான்.”

“என்னத் தெரியுமா?”

“மைக்குல பேசுவீங்களே. நாற்காலி போட்டதெல்லாம் யாருன்னு நெனச்சீங்க?”

வெட்கமாக இருந்தது. வருகிற ஞாயிறு மூன்று இடத்திலும் விழா. மூன்று சங்கமும் காண்டிராக்டர் மூலம் தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறது, மூன்றுக்கும் அவர் சரி சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றால் காண்டிராக்டர் வேறு ஆளை வைத்துவிடுவாராம். முன்பு அவருக்கு ஆற்றங்கரையில் வீடு. இப்போது ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள், இரண்டு பஸ் மாற வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு இல்லையா?”

“லீவுதாம்மா. அதனாலதான் எல்லாரும் அன்னிக்கே கூப்புட்றாங்க.”

ஒரு மணிக்கு அவருடனே பஸ் ஏறினேன். அடையாறு வரை ஆறு கிலோமீட்டர். அவர் நின்றுகொண்டே தூங்கினார்.

ஏழு மணிக் கூட்டத்தில், விழா நடக்கட்டும், நாற்காலியை நாமே போடலாம், ஞாயிறன்று மல்லிகாவைக் கூப்பிட வேண்டாம் என்றேன். “மல்லிகாங்கறது யாரு?” என்றார் தலைவர்.

நீங்களும் இப்படிச் சுற்றுவதாக இருந்தால் ஆறரைக்குள் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் சில பூங்காக்களைப் பூட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டும். என் மொத்தச் செலவு 215 ரூபாய்.

விழா நடந்தது. அறுபது நாற்காலிகளைப் போட எங்கள் எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரம் ஆனது, பாட்டு தாமதமாகத்தான் தொடங்கியது. மல்லிகா வரவில்லை. வீட்டில் இருந்தாரா, மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாரா, தெரியாது. போன் பண்ணிக் கேட்கலாம் என்று செல்லை எடுத்தேன். அவர் நம்பர் எங்களில் யாரிடமும் இல்லை. அவ்வளவு தூரம் கூடவே வந்த நானும் கேட்டு வாங்கவில்லை.