அப்பா 'கேஸ்' ஆன நாள்

பினாயிலும் பழுத்த புளியும் சேர்ந்தால் எப்படி நாறும் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். என் ஒன்பதாவது வயதில், ஒரு பங்குனி மாதத்தில், அப்பாவின் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்த மரத்துப் புளிப்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்போதுதான் கழுவி விட்டிருந்த பினாயிலோடு கலந்து என் தொண்டைக்குள் இறங்கியது. 'கேஸ்' என்ற ஆங்கிலச் சொல் எனக்கு அறிமுகமானதும் அந்த வராந்தாவில்தான். அன்றிலிருந்து அந்தச் சொல்லின்மேல் எனக்கு மரியாதை கிடையாது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயர் சடையன். புளி உலுக்கும் பருவத்தில் அடிவாரத்திலிருந்து வரும் குத்தகைக்காரர் ஒருவர் மரங்களைப் பிடிப்பார். அப்பா ஏறி உலுக்குவார். அம்மாவும் நானும் கீழே பொறுக்குவோம். அன்றைக்கு ஒரு கிளையைக் காட்டி, "அது பொந்து வுழுந்த கிளைங்க மொதலாளி, ஆளத் தாங்காது" என்று அப்பா சொன்னார். "அவ்ளோ பழத்தையும் கொரங்குக்கா வுடச் சொல்ற? ஏறுப்பா" என்றார் நிழலில் நின்றிருந்த குத்தகைக்காரர். அப்பா ஏறினார். கிளை முறிந்தது.

கம்பளியில் தூக்கிவந்து ஜீப்பில் கிடத்தி, ஒவ்வொரு வளைவுக்கும் அவர் பல்லைக் கடிக்கக் கடிக்க, கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் இருந்த ஊழியர் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "ந்தாம்மா, இன்னா கேஸு? கேஸு எங்க?" என்றார். அம்மாவுக்குத் தெரிந்த 'கேஸ்' ஒன்றுதான், அடுப்பில் எரிவது. "எங்க ஊருக்கு இன்னும் கேஸு வரலீங்க, வெறகு அடுப்புதாங்க" என்று பணிவாகப் பதில் சொன்னாள். அவ்வளவுதான், வராந்தாவே சிரித்தது. ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்கே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். இடுப்பெலும்பு உடைந்த மனிதர் தரையில் கிடக்க, படித்தவர்கள் ஒரு சொல்லுக்காக வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா ஊழியருக்கு 'வுழுந்த கேஸ்', டாக்டருக்கு 'இடுப்பு கேஸ்', மரத்திலிருந்து விழுந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டுமாம், அதனால் 'போலீஸ் கேஸ்' என்று மூன்றாகிவிட்டார். சடையன் என்ற பெயர் ஒரு சீட்டில் இருந்தது, அதுவும் 'சடயான்' என்று.

பிற்பாடு கல்லூரியில் ஆங்கிலம் படித்தபோது எங்கள் பேராசிரியர் இந்தச் சொல்லுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவழித்தார். லத்தீனில் 'விழுதல்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். நம்மேல் வந்து விழுகிற எதுவும் 'கேஸ்' ஆனதாம். நேர்ந்த விஷயம், வழக்கு, நோயாளி, இலக்கணத்து வேற்றுமைகூட அதே விழுதல்தானாம். சூட்கேஸில் இருப்பது வேறு குடும்பம். அதன் மூலம் பெட்டி. அச்சுக்கோப்பவர்கள் ஈய எழுத்துகளை மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று பிரித்து வைத்ததால் பெரிய எழுத்து 'அப்பர் கேஸ்' ஆயிற்று. அடுப்பில் எரிவதோ இரண்டுக்கும் உறவே இல்லாத மூன்றாவது சொல். நம் நாக்குதான் அதையும் இதையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. "சுவாரசியமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டார். விழுந்த மனிதரைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு எல்லாம் சுவாரசியம்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் குத்தகைக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர், கையில் எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு தாள். "கேஸு கீஸுன்னு அலையாதம்மா. இதுல ஒரு ரேகை வெச்சுட்டா முடிஞ்சுது" என்றார் போலீஸ்காரர். மைப்பெட்டியைத் திறந்தேவிட்டார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் தாளை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"சின்னப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்றார் குத்தகைக்காரர். நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். 'குடிபோதையில் மரத்தில் ஏறி, தானாகத் தவறி விழுந்து' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். வார்டு முழுவதும் எங்களைப் பார்த்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு போலீஸ்காரரைப் பார்த்தாள். "குடிப்பாருங்க. நான் இல்லன்னு சொல்லல, ஊருக்கே தெரியும். மரம் ஏர்ற அன்னிக்கு மட்டும் தொடமாட்டாரு. அன்னிக்கு அவரு குடிச்சது கூழுதான். நான்தான் ஊத்துனேன்" என்றாள்.

"எழுதுறதுல இன்னாம்மா இருக்கு? உம் புருஷன் பொழைச்சுட்டான் இல்ல?" என்று குத்தகைக்காரர் இளித்தார்.

"எழுதுறதுல ஒண்ணும் இல்லன்னா, நீங்க ஏறச் சொன்னதையும் எழுதுங்க மொதலாளி."

போலீஸ்காரர் மைப்பெட்டியை மூடினார். மறுநாள் வேறு தாள் வந்தது. அதில் 'குடிபோதை' இல்லை. குத்தகைக்காரர் ஏறச் சொன்னதும் இல்லை, பொந்து விழுந்த கிளையும் இல்லை. பாதி உண்மைக்கு அம்மா ரேகை வைத்தாள். அந்த ஆரஞ்சுப் பழங்களை மட்டும் யாரையும் தொடவிடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த பருவத்திலிருந்து அந்த மனிதரின் மரங்களில் எங்களுக்கு வேலை இல்லை. அப்பா கோலூன்றி இருபது வருஷம் நடந்தார்.

இப்போது அப்பா இல்லை. அந்த மரமும் இல்லை. ரோடு அகலமானபோது அடியோடு போய்விட்டது. "அவருக்கு அடிபட்டுடுச்சு" என்று சொல்கிறவர்களும் எங்கள் மலையில் குறைந்துவிட்டார்கள், "ஒரு கேஸு இருக்கு, வண்டி வருமா?" என்று போனில் அழகாகக் கேட்கிறார்கள். நான் அடிவாரத்து ஊர் ஒன்றில் ஆங்கில டீச்சர். அப்பர் கேஸ், லோயர் கேஸ் எல்லாம் நானே நடத்துகிறேன்.

போன மாதம் ஆசிரியர் அறையில் ஒரு மாணவியைப் பற்றிப் பேச்சு வந்தது. மலையிலிருந்து வருகிறவள், மூன்று வாரமாகக் காணோம். கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அது தேறாத கேஸுங்க டீச்சர்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒருவர் நின்றிருந்தார். அவளுடைய அப்பா; துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. எனக்காக அவர் சங்கடப்பட்டு, சிரிக்க முயன்று, "நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர். அவளுக்குக் காமாலைங்க. இப்போ பரவால்ல. திங்கக்கெழம கூட்டியாரலாமான்னு கேக்க வந்தேன்" என்றார்.

நான் எழுந்து என் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.