பகல் தூக்கத்துக்கு ஒரு கிட்டார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. வந்தவர் யார், போனவர் யார் என்று தெரியாது. அவர்களுடைய கண்ணின் பவர் மட்டும் சீட்டில் எழுதி வரும். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில் ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். யாரோ ஒருவருடைய பார்வையில் ஜன்னலும் எதிர்மாடியும் கரைந்து மிதக்கும். அதிலேயே லயித்து நின்றுவிடுவார். கடையில் அவருக்கு லென்ஸ்காரர் என்றே பெயர்.

நாற்பத்தாறு வயதில் அவருக்குக் கிட்டார் ஆசை பிடித்தது. தெருமுனை வாத்தியக் கடைக்கார அம்மாவின் கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது, அந்த அம்மா ஒரு கிட்டாரை மடியில் வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மனுஷர் வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் சுதாரித்தார்.

அடுத்த வாரம் மறுபடி போய், தனக்கும் ஒன்று வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா அக்கூஸ்டிக், எலக்ட்ரிக் என்று இரண்டு வகைக் கிட்டாரையும் மாற்றி மாற்றி அவர் மடியில் வைத்தார். அக்கூஸ்டிக்கின் பருத்த கம்பியைத் தட்டியதும் மரப்பெட்டி அதிர்ந்தது. அந்த அதிர்வு சட்டைப் பொத்தானைத் தாண்டி விலாவுக்குள் இறங்கி, அடங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றியது. எலக்ட்ரிக் ஒல்லி, ஆனால் கனம். கம்பிகள் விரலுக்கு இதமாக வளைந்தன. வயரைச் செருகாதவரை சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“முதல்ல அக்கூஸ்டிக்தான் வாங்கணும், விரல் காய்ச்சுப் போகணும்னு சொல்லுவாங்க. அப்படி ஒண்ணும் சட்டம் இல்ல. எதை எடுத்தா தினமும் தொடுவீங்களோ அதை எடுங்க” என்றார் அந்த அம்மா.

மனசு மரப்பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். இவருக்கோ வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். வாசிக்கக் கிடைப்பதே அவள் தூங்கும் நேரம்தான். எலக்ட்ரிக்கையும், ஹெட்போன் மாட்டிக்கொள்ள வசதியுள்ள ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரையும் வாங்கி வந்தார்.

அதன்பிறகு மத்தியானங்களில் சமையலறை வேறு உலகமாகிவிட்டது. காதுக்குள் ஒவ்வொரு சுரமும் கிணற்றில் விழுந்த கல்லைப் போல ஆழம் ஆழமாகப் போகும். வெளியே பார்த்தால் ஓர் ஆள் ஸ்டூலில் கண்மூடி உட்கார்ந்து கம்பியைச் சொறிந்துகொண்டிருப்பார். மூன்று மாதத்தில் ஒரு பாட்டு தட்டுத்தடுமாறி வந்தது.

ஒருநாள் பாட்டை நிறுத்திச் சற்று நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தபோது மனைவி சமையலறை வாசலில் தலைமுடியை அள்ளி முடிந்தபடி நின்றாள். பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றி, எழுப்பிவிட்டேனா என்று கேட்டார்.

“இல்ல. நீங்க நிறுத்தினதாலதான் முழிப்பு வந்துது” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: “ராத்திரி பூரா வார்டுல மெஷின் கீச்கீச்னு கத்திக்கிட்டே இருக்கும். ஒண்ணு நின்னா ஓடணும். இங்க வந்து படுத்தா, எதுவுமே கேக்காதது எனக்குப் பயமா இருக்கு. எத்தன வருஷமா சரியாத் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியாது. இப்போ உங்க கம்பிச் சத்தம் பூச்சி ஊர்ற மாதிரி லேசாக் கேக்குதா, தூக்கம் வந்துருது. இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிச்சாத்தான் என்ன?”

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர்.

மறுநாளே கடைக்குப் போனார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எலக்ட்ரிக்கை வாங்கி வைத்துவிட்டு அக்கூஸ்டிக்கைக் கொடுத்தார். முதல் வாரம் விரல்நுனி கன்றிச் சிவந்தது. லென்ஸ் தேய்க்கும் கல்லின் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அவர் விடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு, திரை மூடிய அந்த இளம்பழுப்பு வெளிச்சத்தில், தெரிந்த அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மூன்றாவது சுற்று முடிவதற்குள் அவள் மூச்சு சீராகிவிடும். பிறகு பாட்டு எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. மரம் நெஞ்சில் முனகும், கை தன்போக்கில் போகும்.

ஒரு சாயங்காலம் அவள் விழித்தபோது, அவரும் கிட்டாரைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவில்லை. குனிந்து, பருத்த கம்பியைக் கட்டைவிரலால் ஒருமுறை தட்டினாள். அது அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டு, டீ போடப் போனாள்.