முதல் வால்வின் தகர மூடி

ஆயுத பூஜையன்று ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் கடுமையாக அமலில் இருந்தது. அந்த நாளாகப் பார்த்துத்தான் மாமாவின் ஆம்ப்ளிஃபையர் இரைய ஆரம்பித்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் கம்பெனியில் வேலை. அப்பா இறந்த பிறகு புதுவாயலில் எங்களோடு வந்து தங்கிவிட்டார். அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. தட்டில் சோறு வரும், சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். அதில் மாமா பேஸ் கிட்டார். கிட்டாரைப் பழையதாக வாங்கினார். ஆம்ப்ளிஃபையர் வாங்க வழியில்லாமல், மைக் செட் கடைக்காரர் ஒதுக்கிப்போட்ட பெட்டியிலிருந்து கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கி அவரே ஒன்று கட்டினார். டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்துவிட்ட எழுபதுகளின் கடைசி அது. மாமாவின் பெட்டி சூடாகி வாய் திறப்பதற்குள் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் வாய் திறந்து அது ‘தும்’ என்றால் என் அடிவயிற்றில் கேட்கும். என் மாமாவைவிடப் பெரிய வித்வான் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டுத் திரிந்தேன்.

அந்த வருடம் கம்பெனியின் ஆயுத பூஜைக் கச்சேரிக்கு மெட்ராஸிலிருந்து இசைக்குழு நடத்தும் ஒருவர் வருவதாக இருந்தது. வாசிப்புப் பிடித்தால் மாமாவைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வாராம். அப்புறம் கம்பெனி வேலையே வேண்டாம், ஊர் ஊராகக் கச்சேரிதான். நான் தலைகால் புரியாமல் ஆடினேன். அம்மாதான் சில நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. பூஜை வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையிலேயே படையல் முடிந்துவிட்டது. அரிவாள்மணை, என் புத்தகங்கள், மாமாவின் சால்டரிங் அயர்ன், கட்டிங் பிளேயர் எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் வரிசையாக இருந்தன. மறுநாள்வரை யாரும் கை வைக்கக்கூடாது. சாயந்தரக் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று மாமா பெட்டியைப் போட்டார். ஙொய்ய் என்று இரைச்சல்.

“சாய்ந்தரம் கச்சேரிய வெச்சிக்கினு இன்னா பேஜாரு இது” என்றார்.

கிட்டார் வயரைப் பிடுங்கினார். இரைச்சல் நிற்கவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினார். வீட்டின் பின்னால் உப்பும் கரியும் போட்டு எர்த்துக்கு ஒரு குழாய் புதைத்திருந்தார். என்னை விட்டு அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வால்யூமைத் திருகிக் குறைத்தார். இரைச்சலும் கூடவே குறைந்தது.

“கரண்டு வர பக்கம் ஒண்ணும் இல்ல பாப்பா. மொத வால்வுலதான் பூருது.”

“பழய பொட்டிதான, போனா போவுது உடு” என்றாள் அம்மா, அடுப்பங்கரையிலிருந்து.

நல்லவேளையாகப் பெட்டியின் பின்பலகைக்குத் திருகாணி கிடையாது, மரத் தாழ்ப்பாள்தான். திறந்தார். முதல் வால்வு மொட்டையாக நின்றது. பக்கத்திலேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்க அதற்கு மட்டும் விரல் உயரத்தில் ஒரு தகர மூடி போட்டு, அது எதற்கென்று எங்களுக்கும் காட்டியிருந்தார். அதைக் காணோம்.

“அக்கா, இதுமேல இருந்த மூடியப் பாத்தியா?”

“நா இன்னாத்தக் கண்டேன்.”

கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினோம். கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். சாமி படத்துக்கு முன்னால், புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு, வயிறு நிறைய அரிசியும் அரிசியில் ஊதுபத்தியுமாக நின்றுகொண்டிருந்தது மூடி. “கெடச்சிடுச்சி!” என்று கத்திக்கொண்டே கையை நீட்டினேன்.

“சாமிக்கு வெச்சதத் தொடாத!” அம்மா அப்படி அலறி நான் கேட்டதில்லை. பிறகு மாமாவைப் பார்க்காமல், “அழுக்கா கெடந்துது. தேச்சி வெச்சேன்” என்றாள்.

மாமா சாமி படத்துக்கு முன்னால் வந்தார். “கண்ணுல ஒத்திக்கினு எட்த்துக்கட்டா, அக்கா?” அம்மா அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டாள். அவர் மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அரிசியைத் தட்டில் கொட்டிவிட்டு, கொண்டுபோய் வால்வின்மேல் மாட்டினார். இரைச்சல் சட்டென்று நின்றது. நான் கை தட்டினேன். மாமா தட்டவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மற்ற வால்வுகளில் தூசு அப்படியே அப்பிக் கிடந்தது. மூலையில் ஒட்டடைகூடக் கலையவில்லை.

கச்சேரி பிரமாதம். வால்வு சூடேறச் சூடேற மேடை முழுக்க ஊதுபத்தி வாசனை. மெட்ராஸ்காரர் மாமாவின் தோளைத் தட்டி, அடுத்த வாரமே வரச் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, “கம்பெனில லீவு குடுக்க மாட்டாங்க சார்” என்றார். லீவா? வேலையையே விட்டுவிட்டுப் போக வேண்டிய இடத்துக்கு லீவு எதற்கு? எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் மாமா பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டி, வீடு வந்த பிறகு அவர் கொடுத்த பொரியைக்கூடத் தொடவில்லை. அம்மா என்னை அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடப் பூஜையன்று மாமாவே அந்த மூடியைக் கழற்றித் துடைத்து, ஊதுபத்தி குத்த அம்மாவிடம் நீட்டினார். அதில் கேலி எதுவும் இல்லை, நிஜமாகத்தான் கொடுத்தார். அம்மா வாங்கவில்லை.

“பழத்துல குத்திக்கிறேன். நீ அத்த எட்த்துக்கினு போய் மாட்டுடா” என்றாள்.

சென்ற வருடம் அலறியவள் இப்போது வேண்டாம் என்கிறாளே, இவர்கள் பூஜையே விளங்கவில்லை என்று நான் சிரித்தேன். சென்ற வருடமும் அந்தத் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை.